கிளைவ் எரித்த மரம்

கிளைவ் ஹாட்லோவும் நானும் பழைய கார் கண்காட்சிகளில் எப்போதும் அடுத்தடுத்துதான் வண்டியை நிறுத்துவோம். என்னுடையது ஹில்மன் மின்க்ஸ். அவனுடையது மோரிஸ் மைனர் டிராவலர். பின்பாதி முழுக்க மரச் சட்டம் போட்ட வண்டி.

"அவன் காருகிட்டப் போகாதீங்க, எண்ணெய் ஒழுகும், ஷூ பாழாயிடும்" என்று வருகிறவர்களிடம் சொல்வான்.

"மர வண்டி வச்சிருக்கிறவன் பேசுறான் பாரு! உனக்கு மெக்கானிக் எதுக்குடா? கரையானுக்கு மருந்தடிக்கிறவன் போதுமே" என்பேன் நான்.

உண்மையைச் சொன்னால் அந்த வண்டியைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். ஒரு பண்ணையின் கொட்டகையில் கோழிகள் அடையக் கிடந்ததை வாங்கி வந்து, பஸ் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகான நேரத்தையெல்லாம் அதைச் சரிசெய்வதிலேயே போட்டிருந்தான். வெளிறிய பச்சை. தேன் நிறத்தில் மரம். ஈவ்ஷம் கிரிக்கெட் மைதானத்தில் அதை முதல்முறை வெளியே கொண்டுவந்த அந்த ஜூன் மாத ஞாயிறன்று, வந்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிடமாவது அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

வில்ஃப் டாலி அன்றும் வந்தார். எல்லாக் கண்காட்சிக்கும் வருகிற கிழவர். ஆஸ்டின், வோக்ஸால் என்று வேறு கார் எதையும் பார்க்கமாட்டார். டிராவலர் நிற்கிற இடத்துக்கு நேராகப் போய், குனிந்து நம்பர் பலகையைப் பார்ப்பார், போய்விடுவார். அன்று கிளைவின் வண்டி முன்னால் குனிந்தவர் நிமிரவே நேரமாயிற்று. தொப்பியைக் கழற்றினார். வந்த வழியே வேகமாகப் போனார். திரும்பி வந்தபோது கையைப் பிடித்து மனைவியை அழைத்து வந்திருந்தார்.

"டோரீன், இது நம்ம வண்டி" என்றார்.

அந்த அம்மா பக்கவாட்டில் போய், பின் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, மரச் சட்டத்தை விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"இங்க ஒரு பேரு கீறியிருந்துச்சே?"

"ஆமாம்மா, இருந்துச்சு!" கிளைவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏதோ ஒரு வாண்டு ஆணியால கிறுக்கி வச்சிருந்துச்சு. அதுல ஒரு எழுத்து திரும்பி வேற நின்னுச்சு. கவலப்படாதீங்க, இப்ப மரம் பூரா புதுசு. ஒரு துண்டு பழசு கிடையாது."

"பழைய மரம் எங்க?"

"அதுவா? அடுப்புல போட்டோம். குளிருக்கு நல்லா எரிஞ்சுது" என்று சிரித்தவன், வில்ஃபின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"என் பொண்ணு எழுதினது" என்றார் டோரீன். "ஜேனட். இவரு திட்டப் போனாரு, நான்தான் விடல. ஆறு வயசுல ரத்தத்துல புத்துநோய் வந்து போயிட்டா."

ஜேனட் போன பிறகு டோரீன் தினமும் வாசலில் நின்ற வண்டியின் பின்சீட்டில் போய் உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் காலை அந்த வண்டியில் வேலைக்குப் போன வில்ஃப், சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டி எங்கே என்று டோரீனும் கேட்கவில்லை, விற்றுவிட்டேன் என்று வில்ஃபும் சொல்லவில்லை.

"உன்ன அந்தப் பின்சீட்டுல பார்க்க முடியல என்னால" என்றார் வில்ஃப். எங்களிருவரையும் அவர் மறந்தே போயிருந்தார். "வித்த மறுவாரமே திரும்பக் கேட்டுப் போனேன். அதுக்குள்ள வாங்குனவன் வேற எவனுக்கோ தள்ளிட்டான். அதுலேருந்து தேடுறேன்."

"காரு பார்க்கப் போறேன், காரு பார்க்கப் போறேன்னு முப்பது வருஷமா போனது இதுக்கா?"

"வேற எதுக்கு?"

"சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே, வில்ஃப். நீ அவள மறந்துட்டேன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

டோரீன் உள்ளே உட்காரலாமா என்று கேட்டார். கிளைவ் முன்சீட்டை மடக்கிவிட்டு, அவர் முழங்கையைத் தாங்கி ஏற்றிவிட்டான். பின்சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார். "வா."

வில்ஃப் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முடியல டோரீன்."

"அவ பேரையாவது சொல்லு. ஒரே ஒரு தடவ."

வில்ஃப் தொப்பியை மாட்டிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே டீக் கூடாரத்தைப் பார்த்து நடந்தார். போகிற வழியில் யாருடைய நாயோ குரைத்தது, அவர் திரும்பவில்லை.

"வண்டிய நீங்களே எடுத்துக்குங்கம்மா" என்றான் கிளைவ்.

"வண்டிய வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது? வாசனைகூட வேறயா இருக்கு." மரத்தை மறுபடி தடவிக்கொடுத்தார். "அழகாத்தான் பண்ணியிருக்கே. அத சொல்லாம இருக்கக் கூடாது."

அன்று சிறந்த வண்டிக்கான முதல் பரிசு கிளைவுக்குத்தான். ஒலிபெருக்கியில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள், அவன் அசையவில்லை. நான் போய்க் கோப்பையை வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு வில்ஃப் எந்தக் கண்காட்சிக்கும் வரவில்லை. இலையுதிர் காலத்தில் ஒருநாள் சந்தையில் டோரீனைப் பார்த்தேன். விசாரித்தேன்.

"வீட்டுலயேதான் இருக்காரு. நான் ஜேனட்டுன்னு ஆரம்பிச்சாப் போதும், எழுந்து தோட்டத்துக்குப் போயிடுறாரு." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "தேடிக்கிட்டிருந்த வரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா சட்டையெல்லாம் தேய்ச்சுப் போடுவாரு. இப்ப முகங்கூட மழிக்கிறதில்ல. அவருக்காகப் பார்த்தா, அந்த வண்டி கண்ணுல படாமலே இருந்திருக்கலாம்னு தோணுது, சில நாளு."

"உங்களுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல" என்றார். "நான் தினமும் சொல்றேன் அவ பேர. அவரு தோட்டத்துலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."