பதினெட்டு மீற்றர் ஆழத்தில் மூன்று போத்தல்கள்

நாலு வருடமாக நான் காபன் நானோக்குழாய்களை நசுக்கி வருகிறேன், கணினிக்குள். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் ஐம்பதாயிரம் குழாய்களை அடுக்கலாம், அவ்வளவு மெலிசு. சுற்றிவர அழுத்தினால் வட்டமான குழாய் முதலில் முட்டை வடிவமாகும், பிறகு நடுவில் ஒடுங்கிக் கச்சான் கடலைக் கோது மாதிரி ஆகும். இத்தனையும் கணக்குப் போட்டுக் காட்டிய எனக்கு, ஒரு குழாயைக்கூட நேரில் பார்க்கக் கிடைக்கவில்லை. அதற்கான கருவி எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை.

ஜேர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தது. அங்கே ஆய்வாளருக்கு ஒரேயோர் இடம். மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் ‘விளக்கம் போதாது’ என்று திருப்பிவிட்டார்கள். நான்காவது முறை நேர்முகம் வரை வந்திருந்தேன். விஞ்ஞானம் படிக்காதவருக்கும் விளங்கும்படி ஏதாவதொன்றைக் கையில் எடுத்துக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. அன்று பின்னேரம் நாலு மணிக்கு, கற்பிட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து, காணொளியில்.

என் அண்ணன், இனாஸ் நானா, கடலட்டை பிடிக்கும் சுழியோடி. காலையில் அவரிடம் மூன்று வெறும் தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்தேன். மூடியை இறுக்கி, கல்லைக் கட்டி, பதினெட்டு மீற்றருக்குக் கொண்டுபோய், அவை நசுங்கியிருப்பதை அங்கேயே போனில் படம் எடுத்து வரவேண்டும். தண்ணீர் புகாத போன் உறையும் வாங்கிக் கொடுத்தேன். பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு தடவை சொன்னேன். அவரும் இரண்டு தடவை தலையாட்டினார்.

இரண்டரை மணிக்கு வந்தார். படம் இல்லை. உறைக்குள் தண்ணீர் புகுந்து போன் செத்துவிட்டதாம். சப்பளிந்த ஒரு போத்தலை மட்டும் மேசையில் வைத்து, பரிசு வாங்கவந்த ஆள்போல் நின்றார்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் தட்டை. கழுத்தடியில் பிறைபோல ஒரு பள்ளம்.

“நானா, இத மிதிச்சது யாரு?”

“கடல்.”

“கடலுக்குக் குதிக்கால் இல்ல. அது எல்லாப் பக்கத்தாலயும் ஒரே மாதிரித்தான் அமத்தும்.”

நானா கதிரையில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

“அடியில மூணும் நல்லா நசுங்கித்தான் ஈந்திச்சி. மேல வர வர ஒவ்வொண்டா வீங்கி, பழையபடி ஆயிட்டு. அத அப்பிடியே கொண்டாந்து தந்தா, நான் கீழ போகவேயில்ல எண்டு நீ செல்லுவா. நசுங்கின ஒண்டு இல்லாம எதக் காட்டிக் கதைக்கிற நீ? அதான் ஒண்ட மிதிச்சேன்.”

எனக்குக் கோபம் வந்தால் கை முந்தும். போத்தல் பிரிட்ஜில் பட்டு விழுந்தது. அது விழுந்த பிறகுதான் ‘பழையபடி’ என்ற சொல் என் மண்டையில் ஏறியது. நான் ஆராயும் குழாய்களின் பெருமையே அதுதான். எவ்வளவு நசுங்கினாலும் அழுத்தம் நீங்கியதும் அவை மீண்டும் வட்டமாகிவிடும். இந்த ஒரு விஷயத்தைக் காலையில் நானாவிடம் சொல்லியிருக்கலாம். இவருக்கு எங்கே விளங்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

“மத்த ரெண்டும் எங்க?”

“கரையில, என்ட போட்டுக்குள்ள.”

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் எடுத்துவந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டமான போத்தலின் நீளவாட்டில் மூன்று மெல்லிய மடிப்புக் கோடுகள், ஏறக்குறைய ஒரே இடைவெளியில். அதற்குமேல் அழகான ஒன்றை அந்த வாரம் நான் பார்க்கவில்லை.

நாலு மணிக்குத் திரையில் மூன்று முகங்கள். என் ஆங்கிலம் தடுக்காமல் ஓடியது. கோடுகளைக் காட்டினேன். நடுவில் இருந்த தலைவி கேட்டார்: “இப்போது வட்டமாகத்தானே இருக்கிறது. நசுங்கியதை யார் கண்டது?”

“கண்டவர் இங்கே இருக்கிறார்” என்று நானாவைக் கூப்பிட்டேன்.

நானா வந்து குனிந்து கமெராவைப் பார்த்தார். ஐந்து மீற்றரில் போத்தல் எப்படி, பத்தில் எப்படி, பதினெட்டில் எப்படி என்று இரண்டு கையாலும் காட்டினார். கை போதாமல் கன்னங்களையும் உள்ளே இழுத்துக் காட்டினார். மூவரும் சிரித்துவிட்டார்கள். நான் வரிக்கு வரி மொழிபெயர்த்தேன்.

முடிந்தது, எழும்புவார் என்று நினைத்தேன். அவர் எழும்பவில்லை. யாரும் கேட்காமலே சொன்னார்:

“போத்தல நான் கண்ணால கண்டேன். தங்கச்சி அவட குழாய இன்னும் காணல்ல. நாலு வருசமாக் காணாமலே கணக்குப் போடுறா. ஒருக்கா அவக்குக் காட்டுங்களேன்.”

திரையில் மூவரும் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நானா நன்றி சொல்கிறார் என்று மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மூன்று விண்ணப்பங்களிலும் எத்தனையோ பெரிய சொற்களை அடுக்கியிருந்தேன். பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. ஒரு சொல்லும் குறைக்காமல் அப்படியே மொழிபெயர்த்தேன்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு என்னிடம், பாஸ்போட் இருக்கிறதா என்று கேட்டார்.

நான் வாய் திறக்கமுன் நானாவுக்கு அந்த ஒரு சொல் விளங்கிவிட்டது.

“தங்கச்சிக்கு ஈக்குது. மக்காவுக்கு உம்றா போக எடுத்தது, இன்னும் காலம் கெடக்கு” என்று ஜேர்மனிக்குத் தமிழிலேயே சொல்லிவிட்டு, அதை எடுத்துவர உள்ளே ஓடினார்.