வெர்னாவின் வாளி மூடி

1

“இந்த வாளியோட மூடி எங்கேம்மா?”

பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் எங்கள் ஊர் கர்லிங் கூடத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு பெண் இப்படிக் கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற குளிர்காலம் அது. யார் என்ன கேட்டாலும் எனக்கு வாய் எழும்பாது. ஈரக் கையால் ஜன்னலோரத்தைக் காட்டினேன். அவள் மூடியை எடுத்து அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். அப்போது அவள் முகம் போன போக்கிலிருந்துதான் இந்தக் கதை வந்தது.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இரண்டுதான்: இந்தக் கேள்வி, பிறகு கதவைத் திறந்து வெளியே போன ஒருத்தி. நடுவில் வருவதில் பாதி சமையலறைக் கதவிடுக்கில் கேட்டது, மீதி நானாகக் கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: வெர்னா கஞ்சா சாப்பிடுகிறவள்.

[அடித்துவிட்டேன். நீங்கள் உடனே வேறு யாரையோ நினைத்துக்கொள்வீர்கள்.]

அறுபது வயதில் வெர்னாவின் விரல்கள் இஞ்சிக் கிழங்கு போல முடிச்சு முடிச்சாக —

[இஞ்சி பின்னால் வருகிறது. இப்போதே வேண்டாம்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். வெர்னாவுக்கு மூட்டுவலி. இங்கே சட்டப்படி கடையில் விற்கிற கஞ்சாவை வாங்கி, வெண்ணெயில் மெல்லச் சூடாக்கி, அதில் இஞ்சி பிஸ்கட் சுடுவாள். ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு பிஸ்கட்டில் கால் பங்கு, அவ்வளவுதான். அன்றைக்கு ஒயின் கிடையாது. வண்டிச் சாவி முன்கூட்டியே கணவன் ஓரெஸ்டிடம் போய்விடும். ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு துண்டை எடுக்கவும் மாட்டாள். தின்றது மெதுவாகத்தான் ஏறும் என்பது அவளுக்குத் தெரியும்.

கடைக்காரப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். “பூட்டி வைங்க.”

“வீட்ல நாங்க ரெண்டு கெழடுங்க. யாருக்குடி பூட்டு?” என்று வெர்னா சிரித்துவிட்டு வந்தாள். தன் பிஸ்கட் வாளியின்* மூடியில் மட்டும் சிவப்பு மையால் ‘வெர்னாவுக்கு மட்டும்’ என்று எழுதினாள்.

* எங்கள் ஊரில் ஐஸ்கிரீம் வாளியை யாரும் தூக்கி எறிவதில்லை. சூப், பெரோகிக் கொழுக்கட்டை, ஆணி, கோழித் தீவனம் எல்லாவற்றுக்கும் அதுதான். எல்லாம் ஒரே அளவு, எந்த மூடியும் எந்த வாளிக்கும் பொருந்தும். உள்ளே இருப்பது என்னவென்று மூடியில்தான் டேப் ஒட்டி எழுதுவோம். வாளியின் மேலேயே எழுதிய ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

3

அன்று பிற்பகல் கூடத்தில் போட்டி. தேநீர் மேசைக்கு வெர்னா ஒரு வாளி சாதாரண இஞ்சி பிஸ்கட் சுட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தாள். அதை எடுக்கப் போன ஓரெஸ்ட் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு வாளியையும் திறந்து பார்த்தான். திரும்ப மூடி, ‘கூடத்துக்கு’ என்று மூடியிருந்ததை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு வெர்னா தனியாக வந்தாள். மேசையில் மற்றவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டுகளுக்கு நடுவே தன் தட்டைப் பார்த்தாள். சாதாரண பிஸ்கட்டை அவள் டம்ளர் அடியால் அழுத்துவாள். தன்னுடையதை மட்டும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக. தட்டில் இருந்தவை எல்லாம் கட்டம் போட்டவை. அதன் பிறகுதான் சமையலறைக்கு வந்து என்னிடம் மூடியைக் கேட்டாள். அதில் அவள் கையெழுத்திலேயே ‘கூடத்துக்கு’ என்று இருந்தது.

வாளியில் அடுக்கியது அவள்தான். தட்டில் இருந்ததை எண்ணினாள்; ஒன்று குறைந்தது. மேசைக்குப் பக்கத்து பெஞ்சில், ஆட்டம் பார்க்க வந்திருந்த கெய்லினின் நாலு வயது மகள் ஷெல்பி விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு, என்ன தின்ன?”

“பிஸ்கட்டு.”

“எந்த பிஸ்கட்டு? இதுவா?”

“பழுப்பு பிஸ்கட்டு.”

மேசையில் இருந்தது அத்தனையும் பழுப்பு.

[இந்த இடத்தில் வெர்னாவை வாய் மூடவைத்து அரைப் பக்கம் எழுதினேன். தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டுக் குழந்தையையே பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். குழந்தை சிரிக்கிறது, குதிக்கிறது, மூக்கை உறிஞ்சுகிறது. ஒன்றும் ஆகாதது போலத்தான் முதலில் எல்லாமே இருக்கும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.]

வெர்னா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். “கெய்லின், இதுல கஞ்சா இருக்கு. என்னோடது, வாளி மாறிப்போச்சு. ஷெல்பி தின்னிருக்கலாம்.”

“அட வெர்னா, எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கக் கூடாதா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

“எவ்வளவு?” என்றாள் கெய்லின்.

“முழுசுன்னா, நான் நாலு ராத்திரி திங்கிறது.”

யாரோ விஷ முறிவு மையத்துக்குப் போன் போட்டுவிட்டிருந்தார்கள். “காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்றாங்க. ஆம்புலன்ஸ் வேற கேஸுக்குப் போயிருக்காம்.”

அப்போதுதான் ஓரெஸ்ட் எழுந்தான். “பதறாதீங்கப்பா. அத நான்தான் தின்னேன். வர்ற வழியில, வண்டியில.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு” என்றாள் வெர்னா.

“பாத்துதான் சொல்றேன்.” அவன் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தின்னா ஏறியிருக்கணுமே. எப்படி இருக்கு?”

“இன்னும் ஒண்ணும் தெரியல.”

அது எதையும் நிரூபிக்காது என்று வெர்னாவுக்குத் தெரியும். தின்றிருந்தால் இனி அவன் வண்டியைத் தொடக்கூடாது. தின்னாமல், ஊர் முன்னால் அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்றால், குழந்தைக்கு மிச்சமிருக்கிற நேரத்தை அந்தப் பொய் தின்றுகொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனை அவளால் படிக்க முடியவில்லை.

[ஓரெஸ்டை என்னாலும் படிக்க முடியவில்லை. பொய் சொல்கிறான் என்று மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன்.]

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஓரெஸ்ட் நாற்காலியில் சாய்ந்து காரணமில்லாமல் சிரிக்கத் தொடங்குகிறான், எல்லாருக்கும் மூச்சு வருகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே நம்பவில்லை. இன்னொன்றில், பனி மூடிய நெடுஞ்சாலையில், பின் இருக்கையில் ஷெல்பியின் தலை மெல்ல —

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். நீங்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்.

கெய்லின் அன்று நடந்து வந்திருந்தாள். ஓரெஸ்டின் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், பிறகு வண்டிச் சாவியை அந்தக் கையில் வைத்தான்.

“அம்மா, ஆட்டம் முடியலயே” என்றாள் ஷெல்பி.

“நானும் வர்றேன். பின்னாடி உக்காந்து அவ தூங்காமப் பாத்துக்கறேன்” என்றாள் வெர்னா. மூடி இன்னும் அவள் கையில் இருந்தது.

கெய்லின் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக் கோட்டால் சுற்றினாள். வெர்னாவைத் தாண்டி நடந்தாள். கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது, வெர்னா உள்ளேயே நிற்கக் கதவு மூடிக்கொண்டது.