கழுவிய சிப்பிகள்

அப்பாவைக் கிடத்த முன்னறையில் இடமில்லை. தரை முழுக்கத் தட்டுத் தட்டாகக் கல்லாய்ப் போன கடல் சிப்பிகள். மகள் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் அடுக்கினாள்.

"உயிரோட இருந்தப்பவும் உட்கார இடம் விடலை. இப்பவும் பாரு, தம்பிக்கு முன்னாடி இதுங்க படுத்திருக்கு," என்றாள் அத்தை. அழுகைக்கு நடுவிலும் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது.

அப்பா, கடலே இல்லாத மலைகளில் ஏறிச் சிப்பி பொறுக்கியவர். இன்னது வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்தது, இன்னது குளிர்ந்த கடலில் வாழ்ந்தது என்று பார்த்தே, அந்த மலை ஒரு காலத்தில் எப்படிப்பட்ட கடலுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். எந்த மலை, எந்த அடுக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் மையில் பொடியாக எண் எழுதியிருக்கும். எண் போனால் அது வெறும் கல்.

மகள் ஏழு வயதில், அப்பாவுக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று ஒரு தட்டு முழுவதையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்தாள். வேலையிலிருந்து வந்தவர் எண் அழிந்துபோன ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நல்லா பளபளன்னு இருக்கு," என்றார். செய்த காரியம் கல்லூரிக்குப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்குக் கேட்கலாம் என்றே வருடங்களை ஓட்டிவிட்டாள். இன்று காலை, ஐந்து நிமிட நெஞ்சுவலியில் எல்லாம் முடிந்துபோயிற்று.

ஆய்வகத்தில் அப்பாவோடு முப்பது வருடம் வேலை பார்த்த அம்மாள் வந்து, தட்டுகளை அடுக்கக் கைகொடுத்தார். தட்டுகளெல்லாம் ஆய்வகத்துக்குப் போக வேண்டியவை. அடியிலிருந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது வீட்டோட இருக்கணும்னு சொல்லியிருக்கார்மா."

எண்ணே இல்லாத, பளபளப்பான சிப்பிகள். மற்றவற்றில் இருப்பது போலவே அப்பாவின் கையெழுத்தில் ஓர் அட்டை.

கிடைத்த இடம்: எங்கள் குளியலறை. காலம்: பள்ளி விடுமுறை. சேகரித்தவர்: என் மகள், வயது ஏழு.

"மூணு வருஷம் லீவு போட்டுப் போட்டு அதே மலையில ஏறிப் புதுசாப் பொறுக்கினார். பொண்ணைத் திட்டலையா சார்னு கேட்டேன். மலை அங்கேயேதான் இருக்கும், அவளுக்கு ஏழு வயசு போயிடும்னார்."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம், இப்படி ஒரு அப்பா தனக்கு வாய்த்தாரே என்றிருந்தது.

அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் கையில் ஏந்தியபடியே நின்றாள்.

தலைமாட்டில் இருந்த அத்தை அட்டையைப் படித்தாள். எழுந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"இங்க வை. இடம் இருக்கு."