எட்டிக்கொட்டைத் துளிகள்

சாவித்ரிக்கு நான்கு மாதமாக வாந்தி. மாமியார் மீனாக்ஷி அம்மாளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று பவானிபூரில் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. தீட்டு நின்றது உடம்பு உருகியதால்தான் என்று சாவித்ரி சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

அந்தத் தெரு வங்காளி டாக்டர் ஹரிசரண் கொடுத்த சோடா மருந்தில் நெஞ்செரிச்சல் குறைந்தது, வாந்தி நிற்கவில்லை. சாவித்ரி தானே ஒரு சோதனை செய்து பார்த்தாள். காலை ஒன்பது மணிக்கு அவரைக்காய்க் கறியும் சாதமும் சாப்பிட்டாள். பிறகு தண்ணீர் மட்டும்தான். மாலை ஐந்து மணிக்கு அவரைக்காய் துண்டு துண்டாக அப்படியே வெளியே வந்தது. மறுநாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் கணவன் மஹாதேவனுடன் டாக்டரிடம் போனாள். ஹவுரா ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த மஹாதேவன், மசக்கை அதிகம் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். சாவித்ரி இடைமறித்து, பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கற்ற வங்காளியில் தான் கண்டதை மணிக்கணக்கோடு சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவளைப் படுக்கவைத்து வயிற்றை மெல்லக் குலுக்கிக் காது கொடுத்துக் கேட்டார். சாப்பிட்டு ஆறு மணி நேரமாகியும் உள்ளே தண்ணீர் தளும்பியது.

"கர்ப்பமில்லை. இரைப்பை சோம்பிக் கிடக்கிறது. நல்லவேளை, நீயே கவனித்தாய்" என்றார்.

சாப்பாட்டுக்கு முன் ஐந்து துளி எட்டிக்கொட்டைச் சாறு. கொஞ்சம் கொஞ்சமாய் ஐந்து வேளை உணவு. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. எட்டிக்கொட்டை விஷமாயிற்றே என்று மஹாதேவன் டாக்டரிடம் ஆட்சேபித்தான். வீட்டில் மீனாக்ஷி அம்மாள் புட்டியைப் பார்த்து அழுதே விட்டாள்.

"அஞ்சு துளி மருந்தும்மா, அதுக்கு மேலதான் விஷம். டாக்டர்கிட்ட நன்னா கேட்டுண்டு வந்திருக்கேன். எண்ணி விடப்போறது என் கைதான்" என்றாள் சாவித்ரி.

கசப்பு தொண்டைவரை இறங்கியது. முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, அவள் விடவில்லை. இரண்டாம் வாரம் வாந்தி ஒரே ஒரு நாள்தான். ஒரு காலையில், குளித்துவிட்டு வந்தவளுக்கு வயிறு கபகபவென்றது. பசி என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

பேரன் ஆசை போன வருத்தத்தில் பத்து நாளாய் முகம் கொடுக்காதிருந்த மாமியாரிடம் போய், "அம்மா, பசிக்கறது" என்றாள்.

மீனாக்ஷி அம்மாள் எழுந்து, சாதத்தைக் குழையப் பிசைந்து ரசம் விட்டுக் கொண்டுவந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.