எட்டாவது பாட்டில் ஏணி

என் கணவரின் கடைசி ஆல்பத்தைக் கெடுத்தவள் நான்தான். இதை நானாகச் சொல்லவில்லை. பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் இறந்து ஏழு மாதம் கழித்து அந்த ஆல்பம் வெளிவந்தது. ராக் இசை கேட்பவர்களுக்கு அவர் 'இடி'. மேடையில் அவர் கிடாரைத் தொட்டால் கூரை அதிரும் என்பார்கள். வீட்டில் பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறி நிற்பார், அது வேறு விஷயம். ஆல்பத்தில் மொத்தம் எட்டுப் பாட்டு, அதில் எட்டாவதுதான் வம்பு. மாடி அறையில் தனியாக உட்கார்ந்து கிடாரும் குரலுமாகப் பாடியிருக்கிறார். மூன்றாவது சரணத்தில் ஒரு வரி பாதி போய்க்கொண்டிருக்கும்போது, கீழேயிருந்து ஒரு பெண் குரல், "ஏணியப் பிடிக்க வர்றீங்களா இல்லையா? நான் விழுந்தாத்தான் வருவீங்களா?" என்று கத்துகிறது. அவர் "வந்துட்டேன்" என்கிறார். கிடாரைக் கீழே வைக்கிற சத்தம், பிறகு ரப்பர் செருப்புச் சத்தம். அத்தோடு பாட்டும் முடிந்தது, ஆல்பமும் முடிந்தது.

அந்தக் குரல் என்னுடையது. மாடிப்படி பல்பு ஃப்யூஸ் போயிருந்தது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பார்த்து, லென்ஸ் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பது இருபத்தொன்பது வருடமாக என் வேலை. ஆல்பம் வந்த இரண்டாவது வாரம் யாரோ கடையின் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கண் நன்றாகத் தெரிகிறவர்கள் எல்லாம் கண் பரிசோதனைக்கு வர ஆரம்பித்தார்கள். சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பேன். ஐந்தாவது பாட்டுதான் தெளிவாக இல்லை என்று பதில் வரும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் வந்தார். முதல் பாட்டைப் போட்டால் தன்னிடம் படிக்கிறவர்கள் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள், அதனால் அதுதான் உயர்ந்த பாட்டு என்றார். பல் மருத்துவர் ஒருவருக்கு நாலாவது பாட்டு பிடிக்கவில்லை. ஒன்பது நிமிடம் ஓடுகிறதாம், அதற்குள் அவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பஞ்சும் வைத்துவிடுவாராம். தலைமுடிக்கு ஊதா நிறம் பூசிய ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, எட்டாவது பாட்டில் வரும் குரல் தனி மனிதனைக் கீழே இழுக்கிற சமுதாயத்தின் குரல் என்று பன்னிரண்டு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தாள். நான் சமுதாயமான கதை அதுதான். அவளுக்கு வலது கண்ணில் மைனஸ் ஒன்று இருந்தது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான கண் அவளுடையது.

ஒரு தாடிக்காரர் மட்டும் கருத்து எதுவும் சொல்லவில்லை. அந்த வரியை ஒரே ஒரு தடவை நேரில் சொல்லிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினார். ஏணி இருந்தால்தான் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஏணியோடு வந்து நின்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். பத்திரிகையில் 'அரைவேக்காடு' என்று தலைப்புப் போட்டார்கள், அதற்கும் சிரித்தேன். இணையத்தில் என்னை வாய்க்கு வந்தபடி வைதவர்களை மனசுக்குள் இரண்டு மடங்காகத் திருப்பி வைதேன், கணக்கு நேராகிவிட்டது. ஆனால் ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார்: 'அந்த அம்மா ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் இந்தப் பாட்டு முழுசாகக் கிடைத்திருக்கும்.' இவரை மட்டும் மனசுக்குள்கூட நான் வையவில்லை.

ஏனென்றால் அது எனக்கே தெரிந்ததுதான். பல்பு என்ன, ஐந்து நிமிடத்தில் ஓடியா போயிருக்கும்? அன்று பல்பு மாட்டி முடித்ததும் அவரை மாடிக்கு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. வந்ததுதான் வந்தீர்கள் என்று பரணில் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னேன், சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொன்னேன். அடுத்த ஒன்பது நாளும் அவர் அந்தப் பாட்டைத் திரும்ப எடுக்கவே இல்லை. பத்தாம் நாள் காலை, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் விழுந்தார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவருடைய பெயர்பெற்ற பாட்டுகள் எல்லாமே கொஞ்சம் திடீரென்றுதான் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கிற பாட்டின் வாயை யாரோ பொத்தியது மாதிரி இருக்கும். அதற்கு 'இடி முடிவு' என்று பெயர் வைத்து இசைக் கல்லூரியில் பாடமே நடத்துகிறார்களாம். வாழ்க்கையின் நிலையாமையை இப்படி யாரும் சொன்னதில்லை என்று ஒருவர் புத்தகம் போட்டார். நானும் ஒருமுறை அவரிடம் ஏன் இப்படி மொட்டையாக நிறுத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். முடிந்தது, அவ்வளவுதான் என்று சிரித்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். செய்தித்தாள் கையில் இருந்தால் அந்த மனிதருக்குப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் காது கேட்காது. எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி அந்தச் செய்தித்தாளால் வந்தவை.

ஆனால் அந்த முடிவுகள் அவராக முடித்தவை. இது நான் முடித்தது. கேட்கிறவர்களுக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

போன மாதம் ஆல்பம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கேட்பவர்களின் கருத்துக்கு மதிப்பளித்து, அந்தக் குரலை நீக்கிப் புதிய பதிப்பு கொண்டுவரப் போகிறார்களாம். அவர் பாடிய பாதி வரியோடு பாட்டை மெல்லத் தேய்த்து முடித்துவிடுவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதென்றுதான் இருந்தேன். அவருடைய பாட்டிலிருந்து என்னையாவது எடுத்துவிட்டால், கெடுத்த பாவத்தில் கொஞ்சம் குறையும் என்று எனக்குத் தோன்றியது.

இதற்குள் வீட்டில் நான் கத்துவதை நிறுத்தியிருந்தேன். முடிவெடுத்து நிறுத்தவில்லை, தொண்டையில் வந்தது வாய்க்கு வரவில்லை. மகளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் படியேறிப் போய்த் தோளைத் தொட்டேன். அவள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், வீட்டிலும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பாள். இரண்டு தடவை பேயைப் பார்த்த மாதிரி அலறிவிட்டாள். மாடிப்படி பல்பு மறுபடியும் போனது. ஏணியைப் பிடிக்க யாரையும் கூப்பிடாமல், மூன்று வாரமாகக் கைப்பிடியைத் தடவித் தடவி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு," என்றாள் மகள். "ஒரு தடவ என்னத் திட்டேன்."

எனக்குத் திட்ட வரவில்லை. அன்றே அவள் கத்திரிக்கு போன் போட்டுவிட்டாள்.

கத்திரி என்பது என் கணவரின் ஒலிப்பதிவாளர். கணவர் மாடி அறையில் கிடாரோடு பாடிப் பதிவு செய்து அனுப்புவார். கத்திரி அதில் வேண்டாததை வெட்டி, டிரம்ஸ் மற்றது எல்லாம் சேர்த்து, ஆல்பமாக்குவார். முதல் ஆல்பத்திலிருந்து கடைசி வரை பன்னிரண்டுக்கும் அவர்தான். வெட்டுகிற வேலை என்பதால் வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் அது. பேச்சிலும் அப்படித்தான், நாலு வார்த்தை தேவைப்படுகிற இடத்தில் இரண்டோடு நிறுத்திவிடுவார். வியாழக்கிழமை மாலை ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மேஜையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா அண்ணி?"

"பேனா எடுத்து வச்சிருக்கேன்."

"அதுக்கு முன்னாடி இதக் கேட்டுடுங்க," என்று ஸ்பீக்கரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

முதலில் கிடார். ஒரு பழைய பாட்டின் கடைசி வரி. முதல் ஆல்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு அது. வழக்கமாகப் பாட்டு நிற்கிற இடம் வந்தது. ஆனால் இதில் நிற்கவில்லை. தூரத்திலிருந்து ஒரு சின்னப் பெண், வெட்கப்பட்டுக்கொண்டு, "ஏங்க, கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள். அவர் "வந்துட்டேன்" என்றார். கிடார் கீழே இறங்கியது.

அந்தப் பெண் யார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது, கல்யாணமாகி நாலு மாதம்.

அடுத்து வேறொரு பாட்டு, வேறொரு முடிவு. பால் பொங்குகிறது என்கிறேன். "வந்துட்டேன்." அடுத்ததில் குழந்தை வீறிடுகிறது, எழுந்துவிட்டாள், சீக்கிரம் வாங்க என்கிறேன். "வந்துட்டேன்." குழாய் நிற்கவில்லை என்கிறேன். துணியெல்லாம் நனைகிறது என்கிறேன். வீட்டுச் சாவியை எங்கே வைத்துத் தொலைத்தீர்கள் என்கிறேன். பாட்டுக்குப் பாட்டு என் குரல் தடித்துக்கொண்டே வந்தது, வெட்கம் போய் அதிகாரம் வந்தது, 'ஏங்க' போய் 'உங்களத்தான்' வந்தது. அவருடைய 'வந்துட்டேன்' மட்டும் மாறவே இல்லை. மொத்தம் முப்பத்தாறு பாட்டு. ஊரே கொண்டாடிய முப்பத்தாறு இடி முடிவுகள்.

நிலையாமையைப் பற்றிப் புத்தகம் போட்டவரை நினைத்துக்கொண்டேன். பாவம், அது பால் பொங்கிய சத்தம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "முப்பது வருஷமா என் குரல வெட்டித் தள்ளினது நீங்கதானா தம்பி?"

"வெட்டினேன். தள்ளல," என்றார் கத்திரி. "அண்ணன் ஒண்ணக்கூடத் தூக்கிப் போடக் கூடாதுன்னுட்டாரு."

பிறகு, அந்த மனிதர் தன் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். ஆரம்ப காலத்தில் கத்திரியும் என் கணவரிடம் பாட்டை முழுசாக முடித்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இவர் சுற்றிச் சுற்றிப் பாடிக்கொண்டே இருப்பாராம். நான் கூப்பிட்ட இடத்தில் நிறுத்தியவை மட்டும் நன்றாக அமைந்துவிட்டனவாம்.

"'எனக்கு ஆரம்பிக்கத்தான்டா தெரியும், முடிக்கிறது அவ'ன்னு சொல்வாரு அண்ணி."

"அப்ப இந்தக் கடைசிப் பாட்டு?"

கத்திரி தன் போனை எடுத்து நீட்டினார். நான் ஏணியில் ஏறிய நாளுக்கு மறுநாள் காலை, என் கணவர் எட்டாவது பாட்டோடு அனுப்பிய செய்தி அதில் இருந்தது. 'முடிஞ்சுது. வழக்கம்போல வெட்டிடு.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவளுக்கு மூன்று வார்த்தை தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

பிறகு ஏன் வெட்டவில்லை என்று மகள்தான் கேட்டாள். கத்திரி டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒவ்வொரு தடவையும் வெட்டியதும் என் கணவருக்குப் போட்டுக் காட்டுவாராம், அவர் தலையை ஆட்டினால்தான் வேலை முடிந்ததாம். இந்தத் தடவை தலையாட்ட ஆள் இல்லை. கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

முப்பத்தாறையும் இன்னொரு முறை போடச் சொன்னேன். இந்தத் தடவைதான் ஒன்றைக் கவனித்தேன். எதிலும் நான் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாள் கையில் இருந்தபோதெல்லாம் வராத மனிதர், கிடார் கையில் இருந்தபோது ஒரே கூப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறார். முப்பத்தோரு வருடமாக, கூப்பிட்ட குரலுக்கு வராதவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

கம்பெனியின் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பதில் எழுதினேன். குரலை நீக்க வேண்டாம். பாட்டு பாதியில் நிற்கவில்லை, முடிகிற இடத்தில்தான் முடிந்திருக்கிறது. கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். நாலாவது பாட்டு ஒன்பது நிமிடம் என்று குறைப்பட்டுக்கொண்ட பல் மருத்துவர் சொல்வது மட்டும் நியாயம்தான், அன்று நான் கடையில் இருந்தேன்.

கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினேன். மகள் மாடிக்குப் போய்விட்டாள், கத்திரி சமையலறையில் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்புறத்திலிருந்து ஏணியை இழுத்து வந்து படியோரம் சாத்தினேன். புது பல்பை எடுத்துக்கொண்டு நாலு படி ஏறினேன். ஏணி ஆடியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஏணியப் பிடிக்க வர்றீங்களா இல்லையா? நான் விழுந்தாத்தான் வருவீங்களா?"

மாடியில் நாற்காலி நகர்ந்தது, சமையலறையில் குழாய் நின்றது. இரண்டு பேரும் முதல் கூப்பாட்டிலேயே வந்தார்கள்.