ஏழாம் மாதமும் ஒரு டியூப் களிம்பும்

1

இந்தக் கதை என் விரலிடுக்கில் தொடங்கியது. சொறிசிரங்கு. மருந்துக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு முன்னால் போன தம்பதியின் பேச்சு காதில் விழுந்தது.

2

‘பழவேற்காடு ஏரியின் மேல் செவ்வானம் மெல்ல…’

வேண்டாம். சொறிகிறவன் வானத்தைப் பார்ப்பதில்லை.

அந்தக் கணவன் வரதன், ஏரியில் இறால் பிடிப்பவன். மனைவி அர்ச்சனாவுக்கு ஏழாம் மாதம். குழந்தை உதைப்பதை மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை தொட்டுப் பார்த்தாயிற்று, அவனைத் தவிர. சிரங்குக் கை வயிற்றில் படக்கூடாது என்பது அர்ச்சனாவின் சட்டம். பாவம், எனக்கே அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது.

3

முதலில் களிம்புதான் கொடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே உடம்பெல்லாம் பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும். பூசினான். ஆனால் அன்றிரவு அவனுடைய பாடு. (ஏரியில் வலை கட்ட ஊர் சீட்டுப் போட்டுத் தரும் முறைதான் பாடு. தவறவிட்டால் அடுத்த சுற்று வரை கரையில்தான்.) இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். களிம்பு ஏரியோடு போனது, சிரங்கு அவனோடு வீட்டுக்கு வந்தது.

4

“பாட்ட வுட முடியுமா டாக்டரம்மா?” என்றான் வரதன், மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்து.

“சரி, உங்களுக்கு மாத்திரை. அடுத்த வாரம் இன்னொரு வேளை. எந்தத் தண்ணியில இறங்கினாலும் கரையாது. அரிப்பு இல்லன்னாலும் அர்ச்சனாவும் அதே நாள்ல மருந்து எடுக்கணும். ஆனா கர்ப்பிணிக்கு மாத்திரை கூடாது, களிம்புதான்.”

“அவருக்கு ஒரு முழுங்கு, எனக்கு வுடிய வுடிய மெழுகா? முதுகு, காலு எதுவும் எட்டாதே,” என்றாள் அர்ச்சனா.

“வரதன் பூசட்டும். அரிப்பு மட்டும் சில வாரம் இருக்கும், பயப்படாதீங்க.”

“அப்போ அது நிக்கற வரைக்கும் என் சட்டமும் இருக்கும்.”

வரதன் களிம்பு டியூபையே பார்த்துக்கொண்டிருந்தான்.

5

இதற்குமேல் கற்பனை. சாயங்காலம். அவன் மாத்திரை போட்டாயிற்று. அவள் முதுகு முடிந்தது, கால் முடிந்தது, விரலிடுக்கு உட்பட. மிச்சம் வயிறு.

முடிவு அ: “இது எனக்கே எட்டும்” என்று டியூபைப் பிடுங்கிக்கொள்கிறாள். (நியாயம்தான். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: அவள் கண்மூடி, கண்ணீர் மல்க… (சினிமா.)

முடிவு இ: “வயிறும் கழுத்துக்குக் கீழதானே?”

இந்த வரியை யார் சொல்வது? அவன் சொன்னால் கெஞ்சல், அவள் சொன்னால் சம்மதம். என்னால் முடிவெடுக்க முடியவில்லை, கையும் அரிக்கிறது. வரியை நீங்களே இருவரில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். களிம்பு அவன் விரல் நுனியில் காய்கிறது, உள்ளே ஒருவர் உதைத்துக்கொண்டிருக்கிறார்.