ரிஜிஸ்டரில் இருப்பவர்

ஈர விரிப்பின் இரண்டு மூலைகளைத் தேடி எடுத்து, ஒன்றைத் தான் பிடித்துக்கொண்டு மற்றதை எதிரே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் உதற வேண்டும். சரியாக உதறினால் நடுவில் பட்டென்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் விரிப்பு நேராகிவிட்டது என்று பொருள். உடனே ஓரத்தை, நீராவியில் சூடேறும் இஸ்திரி உருளையின் வாயில் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் விரல் நுனி வெந்துவிடும்.

நெட்டை பன்னிரண்டு வருடமாக அந்த உருளையின் இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் நிற்பவளை லாண்டரியில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் இரண்டு ஓட்டல்களின் விரிப்புகளும் தினமும் அவர்கள் இருவர் கைவழியாகத்தான் போகும். அன்று காலை மட்டும் நெட்டை மூன்று விரிப்புகளைக் கோணலாகக் கொடுத்துவிட்டான்.

"தம்பி, நேரா குடு. நீ குடுக்கற கோணத்துக்கு அந்தப் பக்கம் முக்கோணமா வருது" என்றாள் அக்கா.

"ம்."

"ஃபோன் வந்துச்சா?"

"வந்துச்சு. பத்தொன்பதாம் தேதி ஆபரேஷனாம்."

அக்கா அடுத்த விரிப்பை எடுத்தாள். உதறினார்கள். சத்தம் வரவில்லை. மறுபடி உதறினார்கள்.

அவன் மனைவி ஐரோப்பாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வயதான தம்பதியின் வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு மாதமாகத் தலைவலி. படம் எடுத்துப் பார்த்ததில் மூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி. எடுக்காவிட்டால் பார்வை போகும். எடுத்தால் பேச்சு போகலாம். போன பேச்சு திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் அதை அவளுக்கே உரிய முறையில் சொன்னாள்.

"பத்தொன்பதுக்கு அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேனாம். உங்களுக்கு நிம்மதிதான்."

"சும்மா இரு."

"அதுக்குள்ள வந்துடுங்க. ரெண்டு வருஷத்துக்குத் திட்ட வேண்டியது அப்படியே பாக்கி நிக்குது."

வருகிறேன் என்று அவன் சொன்னான். அப்போது அது ஒன்றும் பெரிய வார்த்தையாகத் தெரியவில்லை.

விசா ஃபாரம் நிரப்பிக் கொடுக்கும் கடை ஒரு மாடிப்படியின் கீழ் இருந்தது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண் திரையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்கு மேடம். அவ போறப்பவே எனக்கும் சேர்த்து எடுத்தோம்."

"அங்கேருந்து ஆஸ்பத்திரி லெட்டர்?"

"இருக்கு. அந்த வீட்டுப் பெரியவரும் தங்க இடம் தர்றேன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

"நல்லது. இன்ஷூரன்ஸ் நான் போட்டுடறேன். டிக்கெட் இப்ப வாங்க வேணாம், போக வர பதிவு பண்ணின தாள் மட்டும் போதும். ஆறு மாசத்து பேங்க் கணக்கு. காது தெரியற மாதிரி ஃபோட்டோ." அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதன்முறையாக அவனைப் பார்த்தாள். "இதெல்லாம் ஒரு பக்கம். நீங்க திரும்பி வருவீங்கன்னு அவங்க நம்பணும். அதுதான் முக்கியம்."

"நான் எதுக்கு மேடம் வராம இருக்கப்போறேன்?"

"எதுக்கு வருவீங்கன்னுதான் காட்டணும். சொந்த வீடு?"

"இல்ல."

"நிலம்?"

"இல்ல."

"பிள்ளைங்க?"

"இல்ல மேடம்."

"பொண்டாட்டி வேற அங்கதான் இருக்காங்க." அவள் விரலால் மேஜையைத் தட்டினாள். "அப்ப வேலைதான். உங்களை இழுத்துட்டு வர வேற ஒண்ணும் இல்ல. எத்தனை வருஷம்?"

"பன்னெண்டு."

"அடடே, அது போதுமே. இவர் எங்ககிட்ட இத்தனை வருஷமா வேலை பார்க்கிறார், லீவு குடுத்திருக்கோம், இந்தத் தேதியில திரும்ப வேலைக்கு வரணும்னு முதலாளிகிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க. பாஸ்போர்ட்ல இருக்கற பேரு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கணும். ஒரு எழுத்து மாறினாலும் திருப்பிடுவாங்க."

நெட்டை தலையாட்டினான். மாறியிருப்பது ஒரு எழுத்து அல்ல என்று அவளிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று, ரிஜிஸ்டரில் ஒரு பெயரைக் காட்டி அதற்கு நேராகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் பெயர் இது இல்லையே என்றான். கொஞ்ச நாளைக்கு அப்படியே போடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அது அக்காவின் புருஷன் பெயர். அவன் சேர்வதற்கு ஆறு நாள் முன்னால் நீராவிக் குழாயின் இணைப்பு விட்டுப்போய் அந்த மனிதர் மார்பு முழுக்க வெந்திருந்தார். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்துவிட்டது என்று அக்கா சொல்ல, ஆஸ்பத்திரியில் அப்படியே எழுதினார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். ரிஜிஸ்டரில் அவர் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. விபத்து நடந்த இடத்தில் எல்லோரும் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்தால், விபத்து நடக்கவில்லை என்றுதானே ஆகிறது. அக்காவுக்கு உருளையில் வேலை கிடைத்தது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

மறுநாள் விரிப்புகளுக்கு நடுவே நெட்டை அவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"கேளு. போய்க் கேளு" என்றாள் அவள். "எனக்கென்ன?"

"என் பேரை எழுதினா, அவரு என்ன ஆனாருன்னு கேள்வி வரும்க்கா."

"வரட்டும். ஊர்ல செத்தவனெல்லாம் நிம்மதியா கிடக்கான். இவருக்குத்தான் பன்னெண்டு வருஷமா ஒரு நாள் லீவு கிடையாது." அவள் மூலையை நீட்டினாள். "பிடி."

முதலாளி கண்ணாடி அறையில் இருந்தார். வெளியே உருளையின் இரைச்சலில் யாரும் கத்தித்தான் பேச வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே மெதுவாகப் பேசலாம். நெட்டை கதவைச் சாத்திக்கொண்டு நின்றான்.

"பொண்டாட்டிக்கு ஆபரேஷனாமே. கணக்கர் சொன்னார். லீவுதானே, போயிட்டு வா நெட்டை. நான் என்ன மனுஷன் இல்லையா?"

"லெட்டர் ஒண்ணு வேணும் சார். என் பேர்ல."

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "ரிஜிஸ்டர்ல இருக்கற பேர்ல இப்பவே அடிச்சுத் தரச் சொல்றேன்."

"அது என் பேரு இல்லையே சார்."

"பன்னெண்டு வருஷமா அதைத்தானே எழுதற? அன்னைக்கெல்லாம் கை கூசலையா?" கோபம் இல்லாமல்தான் கேட்டார். "உன் பேரை இன்னைக்குப் புதுசா எழுதினா, அவன் என்னைக்குப் போனான், எப்படிப் போனான்னு கேப்பாங்க. எனக்கு வர்றது வரட்டும். அந்தம்மா அன்னைக்கு என்ன சொல்லிச்சு, ஏன் சொல்லிச்சுன்னும் கேப்பாங்க. வயித்துப் பிழைப்பும் போயிடும். அதை யோசிச்சியா?"

நெட்டை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். பிறகு உருளைக்குத் திரும்பினான்.

இரண்டு நாள் கழித்து, முதலாளி வெளியே போயிருந்தபோது கணக்கர் அவனைக் கண்ணாடி அறையில் இருந்த தன் மேஜைக்குக் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். லாண்டரியின் தலைப்பு அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் தயாராக இருந்தது. பாஸ்போர்ட்டை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்பார்த்து முத்திரை குத்தினார்.

"சார், முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"அவரு செத்த மறுநாள் அந்தப் பேருக்கு நேரா டிக் போட்டவன் நான்தான்" என்றார் கணக்கர், முத்திரையைத் துடைத்துக்கொண்டே. "லெட்டர் நிஜம்தானான்னு விசா ஆபீஸ்லேருந்து ஃபோன் பண்ணிக் கேப்பாங்களாம். ஃபோன் என் மேஜைமேலதான் இருக்கு. நான் எடுத்துக்கறேன். நீ போ."

ஐந்தாம் தேதி விசா மையத்தில் செல்ஃபோனை வாங்கி ஒரு பைக்குள் போட்டு ஒட்டினார்கள். டோக்கன் எண் வரும்வரை நாற்காலியைவிட்டு எழக்கூடாது என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் தாள்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். முறை வந்தபோது நெட்டையின் விரல்களை இயந்திரம் மூன்று தடவை ஏற்கவில்லை. கவுன்டரில் இருந்த இளம்பெண் ஈரத் துணி கொடுத்தாள்.

"என்ன வேலை சார், ரேகையே இல்ல?"

"சூட்டுல வேலைங்க."

"அழுத்தாம லேசா வைங்க." நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. அவள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த நம்பருக்குக் கூப்பிடுவாங்க. யாராவது எடுப்பாங்கல்ல?"

"எடுப்பாங்க."

அதற்குப் பிறகு கணக்கர் மேஜையைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். மடிப்பு மேஜைப் பெண்கள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சார் ஃபோனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாருடி."

"வீட்டுல இருக்கறது பேசிட்டே இருக்கும். இது மணி அடிச்சாத்தானே பேசும்."

பதினோராம் தேதி தேநீர் நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். நெட்டை அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று பேசினான். அவளுக்கு வார்த்தைகள் இடம் மாற ஆரம்பித்திருந்தன.

"தண்ணின்னு சொல்ல நினைக்கிறேன், கதவுன்னு வருது. அந்தப் பெரியவரு பாவம், எந்திரிச்சுப் போய் நிஜமாவே கதவைச் சாத்திட்டு வர்றாரு." அவள் சிரித்தாள். சிரிப்பு மட்டும் பழையபடி இருந்தது. "உங்க பேரு இன்னும் சரியா வருது. பாருங்க." அவள் ஒருமுறை சொல்லிக் காட்டினாள்.

அவன் மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விசா என்ன ஆச்சு?"

"ஃபோன் வரணும். வந்தா அடுத்த நாளே முத்திரை போட்டுடுவாங்களாம்."

"வந்துடும்ல?"

"வந்துடும்."

பதின்மூன்றாம் தேதி முற்பகல் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. முதலாளி கண்ணாடி அறைக்குள் போய்க் கணக்கரிடம் ஏதோ சொன்னார். கணக்கர் எழுந்திருக்கவில்லை. டிரைவரைக் கைகாட்டினார், ரசீதைக் கைகாட்டினார். முதலாளி நாற்பது என்று விரல்களை விரித்துக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார். முந்தின நாள் நாற்பது விரிப்பு குறைந்திருந்தது; இன்று கணக்கரே போய் எண்ணி வாங்க வேண்டும். கணக்கர் வெளியே வந்து, நெட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக வெளி வாசல் பக்கம் நடந்தார். ஓடவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி கணக்கரின் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.

"எண்ணிட்டு வந்துடுவாரு" என்றாள் அக்கா. "எத்தனை ஷீட்டு இருக்கப்போகுது? நீ குடு."

பத்து விரிப்பு போனது. இருபது போனது. இருபத்தேழாவதைக் கொடுக்கும்போது முதலாளியின் கை செய்தித்தாளிலிருந்து ஃபோனுக்குப் போவதை நெட்டை பார்த்தான்.

மணிச் சத்தம் கேட்கவில்லை. உருளை ஓடும்போது எதுவும் கேட்காது. ஆனால் அந்த இரைச்சலில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு உதட்டைப் பார்த்தாலே போதும், பேச்சு புரிந்துவிடும். முதலாளி, "ஆமாங்க, லாண்டரிதான்" என்றார். பிறகு, "யாரு?" என்றார். பிறகு, "ஒவ்வோர் எழுத்தா சொல்லுங்க" என்று ஒரு தாளை இழுத்துக்கொண்டார். எழுதினார். எழுதியதைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். அந்தப் பெயர் அவருக்குப் புதிது.

ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினார். ஆள்காட்டி விரல் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. பாதியில் நின்றது. முதலாளி தலையை நிமிர்த்தினார். கண்ணாடிக்கு அப்பால் மடிப்பு மேஜைகளை, கூடைகளை, உருளையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நெட்டையிடம் வந்ததும் நிறுத்தினார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கணக்கர் எண்ணின துண்டுச்சீட்டோடு வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"இல்லைங்க" என்றார் முதலாளி, மிகவும் மரியாதையாக. "அப்படி யாரும் எங்ககிட்ட வேலை பார்க்கலை." மறுமுனையில் பேசியதைக் கேட்டார். "லெட்டரா? எங்க லெட்டர் இல்லைங்க." மறுபடி கேட்டார். "நிச்சயமாத்தான். ரிஜிஸ்டர் முன்னாடிதான் வச்சிருக்கேன்."

ஃபோனை வைத்தார்.

"தம்பி" என்றாள் அக்கா. "தம்பி, கையை எடு."

நெட்டையின் கையில் இருந்த மூலை இன்னும் உள்ளே போகவில்லை. மறுமூலை இழுபட்டு, விரிப்பு கயிறாக முறுக்கிக்கொண்டு உருளையில் சுற்ற ஆரம்பித்தது. துணி தீயும் வாடை எழுந்தது.

முதலாளி எழுந்து நின்றார். பேனாவால் கண்ணாடியை டக்டக்கென்று தட்டினார். விரலை நீட்டி, உருளையை ஒருமுறை காட்டினார், நேராக அவனை ஒருமுறை காட்டினார்.

"நெட்டை" என்றது அவர் உதடு. "உன்னைத்தான். அங்க கருகுது பாரு."